குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்!

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் பெருஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் மேலூர் இருக்கிறது. பெரியாறு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். சாலை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேரே திருச்சிக்குப் போகிறது. மற்றொன்று திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்குப் போகிறது. இந்த ஊர்ப் பஸ் நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை பஸ்ஸுக்காக நாம் காத்திருந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனுக்குச் சுவரைப் படிப்பதைத் தவிர வேறு என்ன வேலை? எதிர்ச் சுவரில் ஒரு சினிமா விளம்பரம் ஒட்டியிருந்தது. தாத்தா, பாட்டி, அண்ணன், தங்கை, மாமன், மச்சான், கைக்குழந்தை ஆகிய அத்தனை பேரும் அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், 'குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்!' என்று போட்டிருந்தது.

நமக்கு அந்த 'வேண்டிய' என்னும் சொல் சற்றே உறுத்திற்று. 'பார்க்கலாம்' என்றால் அது அழைப்பு. 'பார்க்கத் தகுந்தது' என்றால் அது அபிப்பிராயம். 'பார்க்க வேண்டியது' என்றால் உத்தரவு அல்லவா? இந்த உத்தரவைப் போட்டவர் யார்?

நம் பக்கத்தில் நின்ற குடும்பம் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து புறப்பட்டிருந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கணவனின் தங்கை, குழந்தைகளின் அப்பத்தா என்று மொத்தம் ஆறு பேர். பேச்சுக் கொடுத்தோம்.

"எங்க அம்மாவுக்காகத்தான் போறோம், சார். அவுகளுக்குக் குடும்பப் படம்தான் பிடிக்கும்" என்றார் மகன்.

அப்பத்தா நம் பக்கம் திரும்பி, "எனக்காகன்னு சொல்றாக, தம்பி. என்னையக் கேட்டது யாரு?" என்றார்.

வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆயினும் பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் அது நம்மை விடவில்லை. குடும்பத்தின் பெயரால் படம் எடுக்கிறார்கள். குடும்பத்தின் பெயரால் விளம்பரம் செய்கிறார்கள். குடும்பத்தைக் கேட்டவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதென்றால் 'குடும்பப் படம்' என்பது எப்படி உற்பத்தியாகிறது, எப்படி விலையாகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆறு டிக்கெட்டின் கணக்கு

முதலில் கணக்கு. ஒரு வாலிபன் படம் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு டிக்கெட் விற்கும். ஒரு அப்பத்தா ஆசைப்பட்டால், அல்லது அப்பத்தா ஆசைப்படுவதாக மகன் நினைத்தால், ஆறு டிக்கெட் விற்கும். டிக்கெட் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 900 ரூபாய் ஆயிற்று. பஸ் கட்டணம் வேறு. இடைவேளையில் குழந்தைகள் கேட்கும் சோளப்பொரி வேறு. மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்கு இது விளையாட்டான தொகை அல்ல. படக் கம்பெனிக்கோ இதைவிட நல்ல வாடிக்கை கிடையாது.

இரண்டாவது, சான்றிதழ். 1952-ஆம் வருஷத்துச் சினிமாட்டோகிராப் சட்டத்தின்படி ஒவ்வொரு படமும் தணிக்கையாகி வெளிவர வேண்டும். எல்லோரும் பார்க்கலாம் என்றால் 'யு'. பெரியவர்களுக்கு மட்டும் என்றால் 'ஏ'. இரண்டுக்கும் நடுவில் 'யுஏ'. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை டெலிவிஷனில் அப்படியே காட்ட இயலாது. வெட்டித் திருத்தி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே டெலிவிஷனுக்கு விற்க நினைக்கும் முதலாளி கதை எழுதும்போதே 'யு' என்ற ஒற்றை எழுத்தை மனத்தில் வைத்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2006-ஆம் வருஷம் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்கு மாநில சர்க்கார் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. 2011-ஆம் வருஷம் அந்த விலக்குக்கு 'யு' சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து அந்த ஏற்பாட்டை மாற்றும் வரையில், குடும்பப் படம் என்ற முத்திரைக்கு ரொக்க மதிப்பே இருந்தது! குடும்ப நலத்துக்காக சர்க்கார் வைத்த நிபந்தனைதான். ஆனால் நிபந்தனை எங்கே இருக்கிறதோ அங்கே கணக்கப்பிள்ளையும் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

மூன்றாவது, ஏரியா. சினிமா வியாபாரிகளின் பூகோளப் படத்தில் ஜில்லாக்கள் கிடையாது, ஏரியாக்கள்தாம் உண்டு. மேலூர் 'எம்.ஆர்.' என்கிற மதுரை – ராமநாதபுரம் ஏரியாவைச் சேர்ந்தது. ஏரியா ஏரியாவாகப் படத்தை விநியோகஸ்தர்கள் வாங்குகிறார்கள். இவ்வளவு தொகை கட்டாயம் தருகிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதற்கு 'மினிமம் கேரண்டி' என்று பெயர். கொடுத்த பணத்தைத் திரும்ப எடுத்தாக வேண்டுமே! எனவே முதல் மூன்று நாட்களில் கொட்டகைகள் நிரம்ப வேண்டும். படம் நன்றாயிருக்கிறதா என்று ஜனங்கள் ஒருவரையொருவர் விசாரித்து முடிப்பதற்குள் டிக்கெட் விற்றாக வேண்டும். இதற்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டமும்.

இரண்டு சாலைகள்

இவையெல்லாம் நேற்று முளைத்த சாமர்த்தியங்கள் என்று நினைக்க வேண்டாம். மேலூரிலிருந்து புறப்படும் சாலைகளிலேயே இவற்றின் பூர்வீகம் இருக்கிறது.

மேற்கே மதுரைக்குப் போவோம். 1937-ஆம் வருஷம் மதுரை ராயல் டாக்கி விநியோகஸ்தர்கள், ஸ்ரீ எம். கே. தியாகராஜ பாகவதரை வைத்து 'சிந்தாமணி' என்ற படத்தை எடுத்தார்கள். அது ஒரே கொட்டகையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. வந்த லாபத்தில் மதுரையிலேயே ஒரு கொட்டகை கட்டி, அதற்கும் 'சிந்தாமணி' என்றே பெயர் வைத்தார்கள். படம் எடுப்பது, விநியோகிப்பது, காட்டுவது மூன்றும் ஒரே கையில் சேரும் வித்தை அப்போதே மதுரைக்குத் தெரிந்திருந்தது. 1952-ஆம் வருஷம் தீபாவளியன்று 'பராசக்தி'யுடன் திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் ஒரே சமயத்தில் உட்காரலாம். அத்தனை நாற்காலிகளை வாலிபர்களால் மட்டும் நிரப்ப முடியுமா? வண்டி கட்டிக்கொண்டு குடும்பங்கள் வந்தால்தான் நிரம்பும்.

இனி, கிழக்கே காரைக்குடிக்குப் போவோம். யுத்த காலத்தின் முடிவில் ஸ்ரீ ஏ. வி. மெய்யப்பன் அங்கே, தேவகோட்டை ரஸ்தாவில், கொட்டகை போட்டு ஸ்டூடியோ அமைத்தார். அங்கே எடுத்த 'நாம் இருவர்' 1947-ஆம் வருஷப் பொங்கலுக்கு வெளிவந்தது. தேசம் விடுதலை பெறப் போகும் வருஷம். படத்தில் பாரதியாரின் பாடல்கள், ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாளின் குரல், குமாரி கமலாவின் நடனம். வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் தயக்கமின்றி வந்து பார்த்தார்கள்; தேச பக்தியோடு கொட்டகையைவிட்டு வெளியே போனார்கள். பாரதியார் பாடல்களின் உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது. 1949-ஆம் வருஷம் சென்னை மாகாண சர்க்கார் அப்பாடல்களை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது, அவர் அந்த உரிமைக்கு விலை பேசாமல் விட்டுக்கொடுத்தார். வியாபாரிக்கும் ஒரு நாள் வியாபாரத்தை மறக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் ஸ்ரீ எஸ். எஸ். வாஸன் இன்னொரு பாதை காட்டினார். விளம்பரத் தொழிலில் ஆரம்பித்தவர். 1928-ஆம் வருஷம் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை வாங்கினார். பத்திரிகையில் அவர் எழுதிய 'சதி லீலாவதி' 1936-ஆம் வருஷம் படமாயிற்று. பிறகு விநியோகத்தில் இறங்கினார். அதன் பிறகு ஜெமினி ஸ்டூடியோவின் அதிபரானார். பத்திரிகை, விநியோகம், ஸ்டூடியோ மூன்றும் ஒருவர் கையில்! 1948-ஆம் வருஷம் வெளிவந்த 'சந்திரலேகா'வுக்குச் சுமார் 30 லட்ச ரூபாய் செலவாயிற்று என்பார்கள். பெரிய பெரிய முரசுகளின்மேல் பெண்கள் ஆடும் அந்தக் காட்சியைப் போலவே படத்துக்கு நடந்த விளம்பரமும் தேசமெங்கும் முழங்கிற்று. தமிழில் எடுத்த படத்தை அதே வருஷ முடிவில் ஹிந்தியிலும் வெளியிட்டு, வடக்கே உள்ள ஜனங்களையும் கொட்டகைக்கு இழுத்தார். பெரிய படம், பெரிய விளம்பரம், எல்லா வயதினருக்கும் ஏதாவது ஒன்று என்னும் இன்றைய சூத்திரம் முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு கதை, பல கடை

பஸ் ஒத்தக்கடையை நெருங்கும்போது அப்பத்தாவிடம், "உங்களுக்கு மறக்க முடியாத படம் எது?" என்று கேட்டோம்.

"பேரு 'குழந்தையும் தெய்வமும்'. டூரிங் கொட்டகையில பார்த்தது. அப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை. ரெட்டைப் பிள்ளைக, பிரிஞ்சு போன அப்பனையும் ஆத்தாளையும் அதுகளே சேர்த்து வைக்கும். படம் பார்த்துட்டு வந்து எங்க ஆத்தா ராத்திரியெல்லாம் அழுதுச்சு. எங்க அய்யாவோட ஆறு மாசமாப் பேச்சு வார்த்தை இல்லை. மறு நாள் காலையில, 'கஞ்சி குடிக்க வாங்க'ன்னு கூப்பிட்டுச்சு."

இதைச் சொல்லிவிட்டு அப்பத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் சிறிது நேரம் பேசவில்லை.

அந்தப் படத்தின் வரலாறு நமது விஷயத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949-ஆம் வருஷம் வெளியிட்ட குழந்தைக் கதை அது. 1961-ஆம் வருஷம் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி கம்பெனி அதை 'பேரன்ட் டிராப்' என்று படமாக்கிற்று. அதைத் தழுவி 1965-ஆம் வருஷம் ஏவிஎம் தமிழில் எடுத்தது. குட்டி பத்மினி இரட்டைக் குழந்தைகளாக நடித்தார். பிறகு ஏவிஎம் நிறுவனமே அதைத் தெலுங்கில் 'லேத மனசுலு' என்றும், ஹிந்தியில் 'தோ கலியாம்' என்றும் எடுத்தது. ஒரு கதை, எத்தனை தேசம், எத்தனை பாஷை, எத்தனை கடை! தாயும் தந்தையும் பிரிந்திருந்தால் குழந்தை படும் பாடு எல்லாத் தேசத்திலும் ஒன்றுதானே? குடும்பக் கதை எல்லாச் சந்தையிலும் செல்லும் நாணயம் என்பதைப் பெரிய கம்பெனிகள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டன.

ஆனால் அந்த நாணயம் மேலூருக்கு அருகில் ஒரு வீட்டில் ஆறு மாத மௌனத்தைக் கலைத்தது என்பதும் உண்மை. வியாபாரத்துக்காக எடுத்த படம் நல்ல படமாக இருக்கக் கூடாது என்று விதி இல்லை. 1986-ஆம் வருஷம் ஏவிஎம் எடுத்து, விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கும் கதை. கூட்டுக் குடும்பத்தின் பணச் சண்டையை அது அப்பட்டமாகக் காட்டிற்று. முடிவில் வலிந்து எல்லோரையும் ஒட்ட வைக்கவும் இல்லை. அதற்கு ஜனங்களின் ஆதரவும் கிடைத்தது. தேசிய விருதும் கிடைத்தது.

வீட்டுக்குள்ளே வந்த கொட்டகை

பழைய ஸ்டூடியோ முதலாளிக்கும் இன்றைய பெரிய கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? பழைய முதலாளி வீட்டு வாசல் வரையில் வந்து கூப்பிட்டார். புதிய கம்பெனி வீட்டுக்குள்ளே, கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

1993 ஏப்ரல் 14-ஆம் தேதி சன் டிவி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அக்குழுமம் பிற்பாடு எப்.எம். வானொலி நடத்திற்று, 2005-ஆம் வருஷம் 'தினகரன்' தினசரியை வாங்கிற்று, 2008-ஆம் வருஷம் சன் பிக்சர்ஸ் என்ற பெயரில் படங்களை வெளியிட ஆரம்பித்தது, 2010-ஆம் வருஷம் 'எந்திரன்' என்னும் மாபெரும் படத்தைத் தயாரித்தது. படத்தின் பாட்டு வெளியீட்டு விழா மலேசியாவில் நடந்தது. அதையும் டெலிவிஷனில் பார்த்தோம். படம் எடுத்த கதையைத் தனி நிகழ்ச்சியாகவும் பார்த்தோம். பின்னர், அண்ணன் தங்கை பாசத்தைச் சொல்லும் 'நம்ம வீட்டுப் பிள்ளை' 2019-லும், அதே பாசத்தை வைத்து 'அண்ணாத்த' 2021 தீபாவளிக்கும், தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே வீட்டில் வாழும் 'திருச்சிற்றம்பலம்' 2022-லும் வந்தன. கொட்டகையில் ஓடி முடிந்த படம் அதே குழுமத்தின் டெலிவிஷனில் வருகிறது, செல்போனில் வருகிறது. 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்னும் கம்பீரக் குரலைக் கேளாத பண்டிகை தமிழ்நாட்டில் உண்டா?

இதில் குற்றம் ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் படத்தை எடுத்தவரும், அது நன்றாயிருக்கிறது என்று சொல்பவரும், அதைக் காட்டுபவரும் ஒருவரே என்றால், பெண் வீட்டுக்காரரே மாப்பிள்ளை வீட்டாருக்கும் வாதாடுவது போல் இருக்கிறதல்லவா?

வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்த வித்தையில் நமக்கெல்லாம் மூத்தவை. டிஸ்னி கம்பெனியின் மிக்கி எலியை 1933-ஆம் வருஷத்திலேயே கைக்கடிகாரத்தில் பொறித்து விற்றார்கள். படம் ஒரு நாள் ஓடும். கடிகாரம் பல வருஷம் ஓடும்! இன்று மதுரைக் கடைவீதியில் பள்ளிப் பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் அக்கம்பெனியின் பொம்மை ராஜகுமாரிகளைக் காணலாம். 2016-ஆம் வருஷம் 'ஜங்கிள் புக்' அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே இந்தியாவில் வெளியாயிற்று. 2019-ஆம் வருஷத்து 'லயன் கிங்' சிங்கங்கள் தமிழில் சித்தார்த், அரவிந்த்சாமி ஆகியோரின் குரலில் கர்ஜித்தன. அதே வருஷம் டிஸ்னி, பாக்ஸ் நிறுவனத்தின் சொத்துக்களை வாங்கியபோது, நம் வீடுகளில் தெரியும் விஜய் டிவியும் அதன் கைக்குப் போயிற்று. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய டெலிவிஷன் தொழிலும் ரிலையன்ஸ் குழுமத்தின் தொழிலும் இணைந்தன. மேலூர் வீட்டுக் கூடத்தில் டெலிவிஷன் பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. அதற்குள் பேசுகிறவரின் எஜமானர் மட்டும் இருமுறை மாறிவிட்டார்.

ஒரு காக்கை முட்டை

பெரிய கம்பெனி என்றாலே தீமை என்று முடிவு கட்டுவதும் நியாயமாகாது. உசிலம்பட்டிச் சீமையைச் சேர்ந்த மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை' 2015-ஆம் வருஷம் வெளிவந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் இரண்டு சிறுவர்கள், டெலிவிஷன் விளம்பரத்தைப் பார்த்துப் 'பீட்ஸா'வுக்கு ஆசைப்பட்டு அலைகிறார்கள். வீட்டில் ஓர் ஆயா இருக்கிறாள். அவளே தோசைக் கல்லில் அதைச் செய்து பார்க்கிறாள். விளம்பரம் ஓர் ஏழை வீட்டுக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் சொன்னதில்லை. தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்த இந்தச் சிறு படத்தை ஜனங்களிடம் கொண்டுவந்தது யார்? பாக்ஸ் ஸ்டார் என்ற மாபெரும் கம்பெனி! சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. பெரிய முரசை நல்ல செய்திக்கும் தட்டலாம்.

ஆனால் அப்படித் தட்டுவது அபூர்வம். அதே மணிகண்டன் உசிலம்பட்டிப் பக்கத்தில், நல்லாண்டி என்ற உண்மையான விவசாயியையே கதாநாயகராக வைத்து 'கடைசி விவசாயி'யை எடுத்தார். 2022 பிப்ரவரியில் வெளியான அந்தப் படம் தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. மேலூர்க் குடும்பம் ஒன்று தன் வயலையும் தன் தாத்தாவையும் கண்ணாடியில் பார்ப்பது போல் பார்த்திருக்கலாம். பஸ்ஸில் நம் நண்பரை விசாரித்தோம். "அப்படி ஒரு படம் வந்துச்சா, சார்?" என்றார்.

நமக்கு வருத்தம் தந்தது இதுதான். முரசு இருக்கும் படம் நம் வாசலுக்கு வருகிறது. முரசு இல்லாத படம் நம் வயலிலேயே எடுத்திருந்தாலும் நமக்குத் தெரியாமல் போகிறது.

என்ன செய்யலாம்?

படம் பார்க்கக் கூடாது என்று உபதேசிக்க நாம் வரவில்லை. குடும்பம் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து சிரிப்பதற்கும் அழுவதற்கும் இன்று வேறு இடம் ஏது? ஆளுக்கொரு செல்போனுடன் மூலைக்கொருவராக இருப்பதைவிடக் கொட்டகை எவ்வளவோ மேல். ஆனால் கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கிற நம் வீட்டுப் பெண்கள், 900 ரூபாய்ப் படத்தை ஏன் அப்படிக் கிள்ளிப் பார்க்கக் கூடாது?

முதல் மூன்று நாளும் போக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் அபிப்பிராயம் கிடைக்கும். அதற்கு யாரும் சம்பளம் கொடுத்திருக்கமாட்டார்கள். ஒரு படத்தை ஒரு டெலிவிஷன் புகழ்ந்தால், படம் யாருடையது, டெலிவிஷன் யாருடையது என்று குழந்தைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அது நல்ல பாடம், வேடிக்கையான விளையாட்டுமாகும். படம் பார்த்து வந்த இரவு, 'அந்த அண்ணன் செய்தது சரியா?' என்று சாப்பாட்டு வேளையில் ஒரு கேள்வி போடலாம். எந்தப் படம் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கிறதோ அதுவே குடும்பப் படம். மற்றதெல்லாம் ஆறு டிக்கெட் படந்தான்.

மாட்டுத்தாவணியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். குழந்தைகள் கொட்டகைக்குப் போகும் அவசரத்தில் முன்னால் ஓடினார்கள். மகன் சற்று யோசித்து நின்று, "ஏம்மா, அடுத்த தடவை எந்தப் படத்துக்குப் போகலாம்னு நீயே சொல்லு" என்றார்.

"இப்பவாச்சும் கேட்டியே" என்றார் அப்பத்தா. பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த உசிலம்பட்டிப் படத்துக்குப் பேரு என்னன்னு சொன்னீக, தம்பி?" என்று நம்மைக் கேட்டார். சொன்னோம். ஒரு முறை தமக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.